ஆங்கில ஐயங்களும் தமிழ் தரும் விடைகளும்

பத்தாம் வகுப்பு மாணவி



ஆங்கிலப் பாடவேளை வந்தால் நம்மில் பலருக்கு நா வறண்டு போகிறது. கணக்கில் நூறு வாங்கும் மாணவிகூட ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டால் தலை குனிந்து நிற்கிறாள். இந்த அச்சத்தைப் போக்கும் நோக்கத்தோடு இக்கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரு சிறு முயற்சியில் இறங்கினோம். ஓர் அட்டைப் பெட்டியில் துளையிட்டு, 'ஐயப் பெட்டி' என்று பெயர் எழுதி, நூலக வாசலில் வைத்தோம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள தங்கைகள் தம் ஆங்கில ஐயங்களைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் போடலாம் என்று அறிவித்தோம்.

வந்த சீட்டுகளை வகைப்படுத்திப் பார்த்தபோது ஓர் உண்மை தெரிந்தது. பெரும்பாலான ஐயங்கள் ஆங்கிலம் தெரியாததால் மட்டும் வந்தவை அல்ல. தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும் அமையும் இடங்களில்தான் அவை பிறந்திருந்தன. ஆகவே, நம் தமிழ் இலக்கணத்தையே விளக்காகப் பிடித்துக்கொண்டு விடை தேடினோம். எங்கள் ஆங்கில ஆசிரியையான அருட்சகோதரி அவற்றைத் திருத்திக் கொடுத்தார்கள். அடிக்கடி வந்த ஐயங்களும் அவற்றின் விடைகளும் இதோ. ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். அதன் பயன் முதல் ஐயத்திலேயே விளங்கும்.

1. 'எ' எங்கே? 'ஆன்' எங்கே?

உயிரெழுத்துக்கு முன் 'ஆன்' வரும் என்று படித்தோம். அப்படியானால் ஆங்கிலத்தில் 'யு' என்னும் உயிரெழுத்தில் தொடங்கும் 'யூனிஃபார்ம்' என்ற சொல்லுக்கு முன் 'எ' வருவதேன் என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள்.

நல்ல கேள்வி. கண்ணால் காணும் எழுத்து இங்கே கணக்கில்லை. காதால் கேட்கும் ஒலியே கணக்கு. ஒலியை அறிய எளிய வழி, அச்சொல்லைத் தமிழில் எழுதிப் பார்ப்பதாகும். 'யூனிஃபார்ம்' யகர மெய்யில் தொடங்குகிறது. ஆகவே 'எ யூனிஃபார்ம்'. மணி என்னும் பொருளுள்ள 'அவர்' அகர உயிரில் தொடங்குகிறது; ஆகவே 'ஆன் அவர்'. ஆங்கிலத்தில் அச்சொல் 'ஹெச்' எழுத்தில் தொடங்கினாலும் அந்த ஒலி எழுவதில்லை. அவ்வாறே 'எ வன் ருப்பீ காயின்', 'ஆன் எம்.எல்.ஏ.', 'ஆன் ஆனஸ்ட் கேர்ள்' என்று வரும்.

இது நமக்குப் புதியதும் அன்று. 'ஓர் ஊர்', 'ஒரு கிராமம்' என்று தமிழில் எழுதுகிறோம். உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு. அதே கதைதான்.

2. 'த' என்பதற்குத் தமிழில் என்ன?

'அந்த' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆனால் எல்லா இடத்திலும் அது பொருந்தாது. தமிழில் இவ்வேலையைப் பல வேளைகளில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' செய்கிறது. 'பால்கோவா வாங்கினேன்' என்றால் ஏதோ பால்கோவா. 'ஐ பாட் பால்கோவா'. 'பால்கோவாவை வாங்கினேன்' என்றால் நீயும் நானும் முன்பே பேசிக்கொண்ட, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கிவரச் சொன்ன அதே பால்கோவா. 'ஐ பாட் த பால்கோவா'. கேட்பவருக்கு எது என்று தெரியுமானால் 'த' போடுக. எல்லா வாக்கியத்திலும் 'ஐ' உருபு வருவதில்லை. ஆயினும் அஃறிணைப் பொருள்களில் இந்த வேறுபாட்டை நினைவில் கொண்டால் 'த' என்பதன் உள்ளம் புரிந்துவிடும்.

3. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' தவறா?

ஆம், தவறு. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' என்பதே சரி. காரணம் கேளுங்கள். தமிழில் 'போகிறேன்' என்ற ஒரே சொல், தினமும் போவதையும் குறிக்கும், இப்போது போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இவை இரண்டு. தினமும் போவது 'ஐ கோ'; இப்போது போய்க்கொண்டிருப்பது 'ஐ ஆம் கோயிங்'.

'இங்' போடும் முன் தமிழில் 'கொண்டிருக்கிறேன்' என்று சேர்த்துப் பாருங்கள். 'படித்துக்கொண்டிருக்கிறேன்' சரியாக இருக்கிறது. ஆகவே 'ஐ ஆம் ரீடிங்' சரி. 'எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆகவே 'ஹேவிங்' வேண்டாம். 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்றும் சொல்வதில்லை; ஆகவே 'ஐ ஆம் நோயிங்' தவறு, 'ஐ நோ' சரி. ஆனால் 'வீ ஆர் ஹேவிங் லஞ்ச்' சரியே. ஏனெனில் அங்கே 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்' என்பது பொருள்.

4. 'ஐ ஹேவ் சீன்' என்பதும் 'ஐ சா' என்பதும் ஒன்றா?

'பார்த்திருக்கிறேன்' என்பது 'ஐ ஹேவ் சீன்'. 'பார்த்தேன்' என்பது 'ஐ சா'. நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரக் கூடாது. 'ஐ ஹேவ் சீன் த ஆண்டாள் டெம்பிள்' சரி. 'ஐ ஹேவ் சீன் இட் எஸ்டர்டே' தவறு. 'ஐ சா இட் எஸ்டர்டே' என்பதே சரி.

5. 'சின்ஸ்' எப்போது? 'ஃபார்' எப்போது?

அதிகமான சீட்டுகளில் வந்த கேள்வி இது. விடையோ நம் நாவிலேயே இருக்கிறது. 'பத்து ஆண்டுகளாக' என்று 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2015-லிருந்து' அல்லது '2015 முதல்' என்று தொடங்கிய நேரம் வந்தால் 'சின்ஸ்'. ஆக, 'ஃபார் டென் இயர்ஸ்', 'சின்ஸ் 2015'.

இதில் இன்னொரு பள்ளம் உண்டு. 'பத்து ஆண்டுகளாகச் சேத்தூரில் வசிக்கிறோம்' என்று தமிழில் நிகழ்காலம் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'வீ லிவ்' என்றோ 'வீ ஆர் லிவிங்' என்றோ எழுதக் கூடாது. 'வீ ஹேவ் லிவ்ட் இன் சேத்தூர் ஃபார் டென் இயர்ஸ்' என்று எழுத வேண்டும்.

6. 'டிஸ்கஸ் அபௌட்' என்பது ஏன் தவறு?

'பாடத்தைப் பற்றி விவாதித்தோம்' என்கிறோம். அந்தப் 'பற்றி' நம்மை விடாமல் பற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்குள்ளும் வந்துவிடுகிறது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருக்கிறது. ஆகவே 'வீ டிஸ்கஸ்ட் த லெசன்' போதும். 'டாக் அபௌட்', 'ஸ்பீக் அபௌட்' ஆகியவற்றில் மட்டும் 'அபௌட்' வேண்டும். இவ்வாறே 'வகுப்புக்குள் நுழைந்தாள்' என்பதற்கு 'ஷீ என்டர்ட் த கிளாஸ்' என்றால் போதும், 'இன்டு' தேவையில்லை.

7. ஒரு தமிழ்ச் சொல்லுக்கு மூன்று ஆங்கிலச் சொற்களா?

'பார்' என்ற சொல்லுக்கு 'சீ', 'லுக்', 'வாட்ச்' என மூன்று சொற்கள் நிற்கின்றன. தானாகக் கண்ணில் படுவது 'சீ'. நாமாகக் கண்ணைத் திருப்புவது 'லுக் அட்'. அசைவதைத் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் 'லுக்' செய்தால் மேகத்தை 'சீ' செய்யலாம். விளையாட்டு விழாவில் கபடிப் போட்டியை 'வாட்ச்' செய்கிறோம்.

'கேள்' என்ற சொல்லும் அப்படியே. வினா கேட்பது 'ஆஸ்க்'; ஒலி காதில் விழுவது 'ஹியர்'; காது கொடுத்துக் கேட்பது 'லிசன் டு'. வகுப்பில் ஆசிரியையின் குரலை எல்லாரும் 'ஹியர்' செய்கிறோம். 'லிசன்' செய்பவர் எத்தனை பேர் என்பது தேர்வின்போது தெரியும்!

'சொல்' என்பதற்கு 'சே', 'டெல்' என இரண்டு. யாரிடம் சொன்னாள் என்பது உடனே அடுத்து வந்தால் 'டெல்': 'ஷீ டோல்ட் மீ'. 'சே' வந்தால் நடுவே 'டு' வேண்டும்: 'ஷீ செட் டு மீ'.

8. 'பிறந்தார்' என்பதற்கு ஏன் 'வாஸ் பார்ன்'?

தமிழில் பிறத்தல் தன்வினை. குழந்தை தானே பிறக்கிறது. ஆங்கிலமோ தாயை எண்ணிப் பேசுகிறது. தாய் பெற்றெடுக்க, குழந்தை பெற்றெடுக்கப்படுகிறது. ஆகவே அது செயப்பாட்டு வினையாக அமைகிறது. 'காமராஜர் பார்ன் இன் 1903' என்று எழுதினால் மதிப்பெண் போகும். 'காமராஜர் வாஸ் பார்ன் இன் விருதுநகர் இன் 1903' என்று எழுதுக. 'ஐ ஆம் பார்ன் இன்' என்பதும் தவறு. பிறந்து முடிந்துவிட்டதே!

9. கேள்விக்குள் கேள்வி வந்தால்?

'தபால் நிலையம் எங்கே இருக்கிறது?' என்பதும், 'தபால் நிலையம் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்' என்பதும் தமிழில் ஒரே வரிசை. ஆங்கிலத்தில் வரிசை மாறும். நேர்க் கேள்வி: 'வேர் இஸ் த போஸ்ட் ஆஃபீஸ்?' உள்ளே அடங்கிய கேள்வி: 'டெல் மீ வேர் த போஸ்ட் ஆஃபீஸ் இஸ்.' உள்ளே போனதும் கேள்வி தன் மிடுக்கை விட்டுச் சாதாரண வாக்கியம் போல் அடங்கிவிடுகிறது என்று நினைவில் கொள்ளுங்கள்.

10. 'தான்' என்பதற்கு 'ஒன்லி' போடலாமா?

'அக்காதான் கொடுத்தாள்' என்பதை 'மை சிஸ்டர் ஒன்லி கேவ்' என்று எழுதுகிறோம். 'ஒன்லி' என்றால் 'மட்டும்'. நம் 'தான்' வெறும் அழுத்தம். எழுத்தில் அந்த அழுத்தம் வேண்டுமானால் 'இட் வாஸ் மை சிஸ்டர் ஹூ கேவ் இட்' என்று எழுதலாம். பேச்சில் 'மை சிஸ்டர்' என்பதைச் சற்று உரத்துச் சொன்னாலே போதும்.

11. அப்பாவை 'ஹி' என்று சொல்வது மரியாதைக் குறைவா?

இதைக் கேட்ட தங்கையின் உள்ளம் எங்களை நெகிழச் செய்தது. 'அப்பா வந்தார்கள்' என்று வாய் நிறையச் சொல்லும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, அவர்களை 'ஹி' என்று எழுதக் கை வரவில்லை. 'மை ஃபாதர், தே கேம்' என்று எழுதியிருக்கிறாள். தங்கையே, ஆங்கிலத்தில் 'அவன்', 'அவர்' என்ற பாகுபாடு இல்லை. நாட்டின் குடியரசுத் தலைவரும் 'ஹி' அல்லது 'ஷீ' தான். 'நீ', 'நீங்கள்' என்ற இரண்டுக்கும் இன்று 'யூ' ஒன்றே. முற்காலத்தில் ஒருவரைச் சுட்ட 'தௌ' என்ற சொல் வழங்கியது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும் பழைய செபங்களிலும் அதைக் காணலாம். பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆங்கிலத்தில் மரியாதை வேறு இடங்களில் வெளிப்படுகிறது. 'ப்ளீஸ்', 'மே ஐ', 'குட் யூ' ஆகிய சொற்களில்தான் அது குடியிருக்கிறது. 'கிவ் மீ த புக்' என்பதைவிட 'குட் யூ கிவ் மீ த புக், ப்ளீஸ்' என்பது பணிவு.

12. ஆங்கிலத்தில் இல்லாதவை

'நீ உன் பெற்றோருக்கு எத்தனையாவது பிள்ளை?' இதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று நான்கைந்து பேர் கேட்டிருந்தனர். 'எத்தனையாவது' என்பதற்கு ஆங்கிலத்தில் பொதுவாக வழங்கும் தனிச்சொல் இல்லை. 'ஆர் யூ த ஃபர்ஸ்ட் சைல்ட் ஆர் த செகண்ட்?' என்று சுற்றித்தான் கேட்க வேண்டும்.

நாம், நாங்கள் என்ற வேறுபாடும் ஆங்கிலத்தில் இல்லை. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. இரண்டுக்கும் அங்கே 'வீ' ஒன்றே. இக்கட்டுரையில் பத்தாம் வகுப்பினரை மட்டும் சுட்டும்போது 'நாங்கள்' என்றும், உங்களையும் சேர்க்கும்போது 'நாம்' என்றும் எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா?

சிரிப்புக்கு அஞ்சும் தோழிக்கு

ஒரு சீட்டில் இலக்கண ஐயம் எதுவும் இல்லை. "தப்பாகப் பேசினால் சிரிக்கிறார்கள். அதனால் நான் பேசுவதே இல்லை. என்ன செய்வது?" என்று மட்டும் எழுதியிருந்தது. மேற்கண்ட பன்னிரண்டு ஐயங்களையும்விட இந்த ஒன்றுக்கு விடை சொல்ல நாங்கள் நெடுநேரம் எடுத்துக்கொண்டோம். ஏனெனில் இலக்கணப் பிழையைத் திருத்தினால் ஒரு மதிப்பெண்தான் கூடும். பேசுவதையே நிறுத்திவிட்ட மாணவியோ, பதினொன்றாம் வகுப்பிலும், செவிலியர் பயிற்சியிலும், வேலைக்கான நேர்காணலிலும் வாய் திறக்காமல் வாய்ப்பை இழப்பாள்.

தோழியே, 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று நீ சொன்னால், உன் அறிவு மழுங்கியது என்று பொருள் அன்று. உன்னுள் ஒரு முழுமையான மொழி ஏற்கனவே இருக்கிறது, அதன் இலக்கணம் உன் ஆங்கிலத்தில் எட்டிப் பார்க்கிறது என்றே பொருள். ஆங்கிலேயர் தமிழ் கற்றாலும் இதுவே நடக்கும். நாம், நாங்கள் என்பதில் தடுமாறுவர். ல, ள, ழ ஒலிகளில் நா பிறழ்வர்.

இத்தாலியில் பிறந்த பெஸ்கி அடிகளாரை எண்ணிப் பாருங்கள். வளர்ந்த பின்னரே தமிழ்நாட்டுக்கு வந்தவர் அவர். கோவில்பட்டிக்கு அருகே, காமநாயக்கன்பட்டியில் தங்கி இறைப்பணி செய்தார். தமிழைப் பிழையறக் கற்று வீரமாமுனிவர் ஆனார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். தேம்பாவணி என்னும் காப்பியத்தையும் தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணத்தையும் இயற்றினார். பின்னர் வந்த கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தாய்மொழியையும் கற்கும் மொழியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எத்தனை பயன் தரும் என்பதற்கு இவர்களே சான்று.

ஆங்கிலமும் நம்மிடம் கடன் வாங்கிய மொழியே. நம் கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. சுருட்டு 'ஷெரூட்' ஆயிற்று. 2016-இல் 'ஐயோ' என்ற சொல்லே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. நம் வீட்டுச் சொற்கள் புகுந்த வீட்டுக்குள் நாம் நுழைய அஞ்சலாமா?

சிரிக்கும் தோழியருக்கும் ஒரு சொல். யானைக்கும் அடி சறுக்கும். பத்தாம் வகுப்பில் நாங்கள் மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். பேசுபவள் வாக்கியத்தை முடிக்கும் வரை குறுக்கிடுவதில்லை. அவள் முடித்ததும் சரியான வாக்கியத்தைப் பதிலிலேயே சேர்த்துச் சொல்கிறோம்; அவள் தானாகக் கவனித்துக்கொள்வாள். அன்று கண்ட பிழையை, பெயரின்றி, அதற்கான தமிழ்க் காரணத்தோடு வகுப்புக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். நீங்களும் இவ்விதிகளைக் கையாண்டு பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

'எனக்கு இங்கிலீஷ் தெரியாதம்மா' என்று பல தாய்மார்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். மில்லிலும் வயலிலும் உழைத்துவிட்டு வரும் உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இரவில் உங்கள் மகளிடம், "இன்று படித்த வாக்கியத்துக்குத் தமிழில் என்ன பொருள்? தமிழில் எப்படிச் சொல்கிறோம், அதில் எப்படி மாறுகிறது?" என்று கேளுங்கள். அவள் உங்களுக்கு விளக்கும்போது அவளுக்கே தெளிவு பிறக்கும். உங்களிடம் உள்ள நல்ல தமிழ் அவளுக்குப் பெரும் முதல்.

பயிற்சி

கீழ்க்காணும் வாக்கியங்களில் ஒவ்வொன்றிலும் பிழை உண்டு. விடையைப் பார்க்காமல் திருத்துங்கள்.

அ. 'ஷீ இஸ் ஹேவிங் லாங் ஹேர்.'
ஆ. 'ஐ ஆம் ஸ்டடியிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.'
இ. 'மை சிஸ்டர் இஸ் ஆன் யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்.'
ஈ. 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் மை புக்.'
உ. 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் த எக்ஸாம்.'

விடைகள்

அ. 'ஷீ ஹேஸ் லாங் ஹேர்.' கூந்தல் இருந்துகொண்டிருப்பதில்லை, இருக்கிறது.
ஆ. 'ஐ ஹேவ் பீன் ஸ்டடியிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.' ஐந்து ஆண்டுகளாக.
இ. 'மை சிஸ்டர் இஸ் எ யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்.' யகர மெய் முதலில் நிற்கிறது.
ஈ. 'ஐ டோன்ட் நோ வேர் மை புக் இஸ்.' கேள்வி உள்ளே அடங்கியது.
உ. 'வீ டிஸ்கஸ்ட் த எக்ஸாம்.' 'பற்றி' வினைக்குள்ளேயே உண்டு.

ஐந்தும் சரியானால் உங்கள் தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு தவறினால் உரிய பகுதியை மறுமுறை படித்துவிட்டுச் சொல்லிக் கொடுங்கள்.